மல்யுத்தம் பிறந்தது கிரேக்கத்திலா, எகிப்திலா?

கோதாப்பிரியன்:
ஒலிம்பிக் வந்தாலே மல்யுத்தம் கிரேக்கத்தில் பிறந்தது என்று அடித்துவிடுகிறார்கள். எகிப்தில் பெனி ஹசன் கல்லறைகளைப் பாருங்கள், சுமார் கி.மு. 2000. ஒரே சுவரில் இருநூறுக்கும் மேற்பட்ட மல்லர் ஜோடிகள். யார் கை எது, யார் கால் எது என்று குழம்பாதபடி ஒருவனைக் கருமையாகவும் மற்றவனை வெளிர் நிறமாகவும் தீட்டியிருக்கிறார்கள். இடுப்புப் பிடி, காலை வாருவது, தூக்கிப் போடுவது, இன்று பார்க்கிற பிடி பலதும் அதில் இருக்கிறது.

பழையஏடு:
பிடி இருக்கிறது, சரி. போட்டி எங்கே? ஒலிம்பியாவில் கி.மு. 708இல் மல்யுத்தம் சேர்ந்தது. மூன்று முறை எதிராளியை வீழ்த்தினால் வெற்றி, எடைப் பிரிவு கிடையாது. குரோட்டோன் ஊர் மைலோ சிறுவர் பிரிவில் ஒன்று, பெரியவர்களில் ஐந்து என்று ஆறு ஒலிம்பிக் ஜெயித்தான். அப்படி ஜெயித்த ஒருவன் பெயரை உங்கள் சுவரிலிருந்து சொல்லுங்கள் பார்ப்போம்.

கோதாப்பிரியன்:
பெயர் இல்லை, ஆனால் நடுவர் இருக்கிறார்! எகிப்தின் மெதினெத் ஹபுவில் மூன்றாம் ராம்சேஸ் மன்னனின் கோயில் புடைப்புச் சிற்பம், கி.மு. 12ஆம் நூற்றாண்டு. பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்க, கழுத்தைப் பிடித்தவனை 'பாரோ (எகிப்து மன்னர்) முன்னால் நிற்கிறாய், ஜாக்கிரதை' என்று எச்சரிக்கும் வாசகமே வெட்டியிருக்கிறது. ஒலிம்பியாவுக்கு 400 வருடம் முன்னால்.

புதுசு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இப்போதைய கிரேக்க-ரோமன் பாணி மல்யுத்தம் அப்படியே பழைய கிரேக்கத்திலிருந்து வந்ததுதானே?

பழையஏடு:
இல்லைங்க, அது 19ஆம் நூற்றாண்டு பிரான்சில் உருவானது, பெயர் மட்டும்தான் பழசு. அதில் இடுப்புக்குக் கீழே தொடக்கூடாது. கிரேக்கக் காவியமான இலியத்தில் வீரன் ஒடிசியஸ் இன்னொரு வீரன் அஜாக்ஸை முழங்காலுக்குப் பின்னால் தட்டித்தான் சாய்க்கிறான், இன்றைக்கு என்றால் ஃபவுல்.
கோதாப்பிரியன், அந்த ராம்சேஸ் சிற்பத்தில் தோற்றவர்கள் எல்லாம் வெளிநாட்டார் என்பதைக் கவனித்தீர்களா? யார் ஜெயிப்பார் என்பது முன்கூட்டியே தெரிந்தால் அது அரண்மனை வேடிக்கை. ஒடிசியஸும் அஜாக்ஸும் மோதியதில் யாராலும் ஜெயிக்க முடியவில்லை, போட்டியை நடத்திய அகிலீஸ் பரிசைச் சமமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். போட்டி என்றால் அது.

கோதாப்பிரியன்:
வெளிநாட்டார் விஷயம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்லில் வெட்டியதை வேடிக்கை என்று தள்ளிவிட்டு, காவியத்தில் வரும் சண்டையை ஆதாரமாக நீட்டுகிறீர்களே, அது எந்த ஊர் நியாயம்?