சிறு பிள்ளைகளிடம் காட்சிப்பொருள்களைப் பற்றிக் கருத்துக் கேட்பது எப்படி?

அறிவியல் மையப் பணியாளர்:
எங்கள் சிறுவர் கூடத்திற்குப் பெரும்பாலும் 4 முதல் 7 வயதுவரையுள்ள பிள்ளைகளே வருகிறார்கள். கப்பிக் கயிற்றை இழுத்துத் தம்மையே மேலே தூக்கிக்கொள்ளும் இருக்கை, சிவப்பு, பச்சை, நீல விளக்குகளால் வண்ண நிழல் விழும் சுவர், தண்ணீர்த் தொட்டி ஆகியவை அங்கே உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஐந்து முகங்கள் வரைந்த அட்டையை வாசலில் வைத்து, ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறோம். நிழல் சுவரை எட்டிக்கூடப் பார்க்காமல் ஓடிய பிள்ளையும் அதற்குப் பெரிய சிரிப்பு முகத்தையே தருகிறது. வேறு வழி உண்டா?

பயன்பாட்டு ஆய்வாளர்:
இவ்வகை முக அட்டைகளில் பெயர்பெற்றது, இங்கிலாந்தில் ஜேனட் ரீடும் அவருடைய குழுவினரும் 2002-இல் முன்வைத்த ‘ஸ்மைலியோமீட்டர்’. சிறு வயதினர் அதில் உச்ச மதிப்பையே அள்ளிக் கொடுப்பது பின்னர் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே தனித்தனியே மதிப்பிடச் சொல்லாமல், மூன்றின் படங்களையும் தரையில் பரப்பி, இன்னும் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது, எதற்குப் போகலாம் என்று கேளுங்கள்.

மழலையர் பள்ளி ஆசிரியை:
அது எது பிடித்தது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. ‘பிடிச்சிருக்கா?’ என்று பெரியவர் கேட்டால் ‘ஆமா’ என்பதே எதிர்பார்க்கும் பதில் என்று பிள்ளைக்குத் தெரியும். மறுபடியும் கேட்டாலோ, முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று மாற்றிச் சொல்லிவிடும். அதற்குப் பதிலாக, புதிதாக உள்ளே வரும் ஒருவருக்கு இதை எப்படிச் செய்வது என்று காட்டித்தரச் சொல்லுங்கள். இப்படியொரு சுவரின் முன் என் வகுப்புச் சிறுமி, ‘மிஸ், நான் மூணு பேரா ஆயிட்டேன்!’ என்று தன் நிழல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நிறக் கலப்பை விளக்கிய பலகை அவள் கண்ணிலேயே படவில்லை. பெற்றோரைச் சற்றுத் தள்ளி, ஆனால் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும்படி உட்காரவைப்பது நல்லது; இல்லாவிட்டால், ‘கலர் கலரா இருந்துச்சுன்னு சொல்லு கண்ணா’ என்று அவர்களே எடுத்துக்கொடுத்துவிடுவார்கள்.

கண்காட்சி வடிவமைப்பாளர்:
கேமராவையும் சேர்த்துக்கொள்ளலாம். அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் இருவரும் 2001-இல் வெளியிட்ட ‘மொசைக்’ அணுகுமுறையில், மழலையர் தாமே படமெடுத்து, பெரியவர்களுக்கு இடத்தைச் சுற்றிக்காட்டி, அப்படங்களைக் கொண்டு வரைபடமும் செய்தார்கள். பலகையை எந்த உயரத்தில் மாட்டுவது என்பது அவர்கள் எடுத்த படங்களைப் பார்த்தாலே விளங்கிவிடும். ஓவியம் வரையச் சொல்லும் முறையை மட்டும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. எங்கே கேட்டாலும் வீடும் சூரியனும் வரைந்து தரும் பிள்ளைகள் உண்டு, வரையும்போது பேசுவதைக் குறித்துக்கொண்டால்தான் அது உதவும். பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டாலும், கேமராவை நீட்டும்போது பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டால் அதை மறுப்பாகவே கொள்ள வேண்டும்.