எதிர்நீச்சல் அப்பத்தா: அந்த 40 சதவீதம் யாருக்கு என்று ஏன் அவ்வளவு நாள் வாயைத் திறக்கவில்லை?

கோட்டையூர்க்காரி:

எதிர்நீச்சல் டிவி தொடர் 2024 ஜூனிலேயே முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. மாமியாரும் அவர்களுடைய ஓரகத்தியும் இரண்டாம் கட்டில் கீரை ஆய உட்கார்ந்தால் போதும், அதில் வருகிற பட்டம்மாள் அப்பத்தா நடுவில் வந்து உட்கார்ந்துவிடுவார். மாமியார் கட்சி: அப்பத்தா பயந்துபோய்த்தான் பேசாமல் இருந்தார். சின்ன மாமியார் கட்சி: அதெல்லாம் கல் மனசு, வீட்டுப் பெண்கள் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. குடும்பச் சொத்தில் 40 சதவீதம் அப்பத்தா பேரில் இருக்கிறது என்று வீட்டின் மூத்த மகன் குணசேகரனுக்குத் தெரிந்துவிட்டது. அது யாருக்குப் போகும் என்பதுதான் தெரியாது. தொகையை எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும், ஆளை மட்டும் சொல்ல மாட்டேன் என்று இருந்தது பயத்தாலும் இல்லை, கல் மனசாலும் இல்லை, கணக்குப் போட்டுத்தான் என்பது என் எண்ணம். மருமகள்களை "இந்தாம்மா ஏய்" என்று அதட்டுகிற அதே குணசேகரன், அப்பத்தாவிடம் வந்தால் குரலை இறக்கிப் பேசுவதைக் கவனித்திருப்பீர்கள். பாசம் வந்தா இறக்கினார்? பத்திரம் எந்தப் பக்கம் சாயுமோ என்ற கவலை.

ஆனால் ஓர் இடத்தில் எனக்கே இடிக்கிறது. குணசேகரனின் தங்கை ஆதிரையை அவள் விருப்பத்துக்கு மாறாகக் கரிகாலனுக்குக் கட்டி வைத்தார்களே, அவ்வளவு பெரிய பிடியைக் கையில் வைத்திருந்தும் அப்பத்தாவால் அதைத் தடுக்க முடியவில்லையே? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

ஆச்சி, நான் பத்திரம் எழுதியே காலம் கழித்தவன். அதனால் இதைப் பத்திரக் கண்ணோடுதான் பார்த்தேன்.

சொந்தச் சம்பாத்தியமோ சீதனமோ, பெண்பிள்ளை பேரில் இருக்கிற சொத்து முழுக்க அவருடையதே என்று 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. மகனோ பேரனோ அதில் கை வைக்க முடியாது. அவர் உயிரோடு இருக்கிற வரை அவராக எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. எழுதிக் கொடுக்க இரண்டு வழி. செட்டில்மெண்ட் எழுதிப் பதிந்து கொடுத்துவிட்டால் அன்றைக்கே கை மாறிவிடும், பிறகு மனம் மாறினாலும் திருப்பி வாங்குவது பெரிய பாடு. உயில் அப்படி இல்லை. எழுதினவர் உயிரோடும் தெளிவோடும் இருக்கிற வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிக் கையெழுத்து இருந்தால் போதும், பதிய வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை.

ஆக, எழுதாமல் இருக்கிற வரைக்கும்தான் வயசானவர்களுக்கு மரியாதை. செட்டில்மெண்ட் பதிந்த மறு மாசமே சாப்பாட்டுத் தட்டு திண்ணைக்கு வந்துவிட்டது என்று என் மேஜைக்கு முன்னால் அழுதவர்கள் உண்டு. அப்பத்தா அதை அறிந்தவர் என்பது என் கட்சி. பயம் என்று உங்கள் மாமியார் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

புதுவயல் பொண்ணு:

எனக்கு உடன்பாடில்லை. அண்ணன் சொல்வது சொத்தைக் காப்பாற்றுகிற கதை. நான் கேட்பது ஆட்களைக் காப்பாற்றுகிற கதை.

ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா, ஜனனி, அந்த வீட்டு மருமகள்கள் நான்கு பேரும் எதைக் கேட்டார்கள்? சொத்தையா கேட்டார்கள்? படித்த படிப்புக்கு ஒரு வேலை, வெளியே போய்வர ஒரு சுதந்திரம், சாப்பாட்டு நேரத்தில் ஒரு நல்ல வார்த்தை. அதைக் கேட்டு வாங்கித் தருகிற பலம் அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் ஜனனியிடம் அன்பாகப் பேசினார், தைரியம் சொன்னார், எல்லாம் சரி. ஆனால் சபையில் குணசேகரன் முகத்துக்கு நேரே, "இவர்களை இப்படி நடத்தினால் உனக்கு ஒரு பைசா கிடையாது" என்று முதல் நாளே சொல்லியிருக்கலாமே? ரகசியம் அப்பத்தாவுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது. மருமகள்களுக்கு என்ன வாங்கிக் கொடுத்தது?

நானும் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டிலும் எல்லாம் தெரிந்த ஒரு பெரியவர் எல்லா நேரமும் பேசாமல் இருந்தார். அவரைப் பெருந்தன்மைக்காரர் என்று ஊரே சொல்லும். என்னால் சொல்ல முடியாது.

கோட்டையூர்க்காரி:

புதுவயல் தங்கச்சி, நீ கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்பத்தா அப்படிச் சபையில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கதையே காட்டிவிட்டது. அப்பத்தாவின் பங்கு வெளியாளான ஜீவானந்தம் பேருக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் குணசேகரன் என்ன செய்தார்? வக்கீலைப் பார்த்துவிட்டு அதோடு நிற்கவில்லை. தம்பி கதிரையும் வளவன் என்ற ஆளையும் அனுப்பினார். ஜீவானந்தத்தைத் தேடிப் போன இடத்தில் துப்பாக்கிக் குண்டு பட்டுச் செத்தது அவருடைய மனைவி கயல்விழி. அப்பாவிப் பெண். பெயர் வெளியே தெரிகிற வரைக்கும் யாருக்கும் ஆபத்து இல்லை, தெரிந்த உடனே ஓர் உயிர் போனது. அப்பத்தா அத்தனை நாள் காத்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஜனனி பேரைச் சொல்லியிருந்தால் அந்தத் துப்பாக்கி ஜனனியைத் தேடி வந்திருக்கும்.

என் சொந்த அப்பத்தாவைப் பார்த்ததால்தான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் ஆச்சிமார் பணம், அதாவது வீட்டுப் பெண்களின் பணம், என்று ஒன்று இருந்தது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெண்ணுக்குக் கொடுத்த சீதனத்தைப் புருஷன் வீட்டுக் கணக்கில் கலக்க மாட்டார்கள். ரங்கூனிலோ பினாங்கிலோ நடந்த லேவாதேவிக் கடையில் அவள் பேரிலேயே போட்டு, நடப்பு வட்டியைப் பற்று வரவில் ஏற்றி வருவார்கள். கல்யாணம் ஆனதும் மகனையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவது எங்கள் வழக்கம். வீடு ஒன்றுதான், அடுப்பும் கணக்கும் தனித்தனி. அதனால் ஒவ்வோர் ஆச்சிக்கும் தன் பணம் எங்கே, எவ்வளவு என்பது விரல் நுனியில் இருக்கும். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்த பிறகு, பல வீடுகளில் ஆண்கள் போட்ட முதல் போய் ஆச்சிகள் கையில் வைத்திருந்ததுதான் அடுப்பை எரித்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என் அப்பத்தாவிடம் ஒரு நோட்டு இருந்தது. பழுப்பு அட்டை, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே சிவமயம். அப்புறம் பேர், தொகை, தேதி. எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் பேர் எழுத வேண்டிய இடத்தில் முழுப்பேர் இருக்காது, "கீழ வீட்டு", "பெரிய கதவு" இப்படித்தான் இருக்கும். யார் யாருக்குக் கொடுத்தார் என்பது அப்பத்தா தலைக்குள் மட்டும். பெட்டகத்தில் வெள்ளிச் சாமானுக்கு அடியில் அந்த நோட்டு, சாவி இடுப்பில். என் அப்பச்சியும் (அப்பா) பெரியப்பச்சியும் அதைப் பார்த்ததே இல்லை. யாருக்கு என்ன என்று தெரியாததால் இரண்டு மகன்களும் ஒரே மாதிரி பணிவாக இருந்தார்கள். மருமகள்கள் இரண்டு பேரும் வாடிய முகத்தோடு ஊருக்குப் போனதில்லை, ஏனென்றால் அவர்கள் அழுதால் அது நோட்டில் ஏறும் என்று மகன்களுக்குப் பயம். அப்பத்தா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, ஆனால் அவர்களாகவே அப்படி நினைத்துக்கொண்டார்கள்.

பள்ளத்தூர் வாசகர்:

நல்ல பேச்சு. நான் குணசேகரன் பக்கம் இருந்து ஒன்று சொல்கிறேன். எதிர்நீச்சலை இயக்கிய திருச்செல்வம் முன்பு இயக்கிய கோலங்கள் தொடரையும் (2003 முதல் 2009 வரை ஓடியது) முழுக்கப் பார்த்தவன் நான். அதில் வில்லன் ஆதி, கதாநாயகி அபியை ஓட ஓட விரட்டுவான். வெளியே பார்த்தால் தொழில் போட்டி மாதிரி இருக்கும். உள்ளே இருந்தது ஓர் அப்பாவுக்கு இரண்டு குடும்பம் என்கிற புண். ஆதிக்கு அபியின் காசு வேண்டாம், அப்பா யாருக்கு என்பதுதான் அவனை அரித்தது.

குணசேகரனும் அதே வகை என்று எனக்குத் தோன்றுகிறது. வீடு, வாசல், கடை எல்லாம் இருக்கிறது. 60 சதவீதமே பத்துத் தலைமுறைக்குக் காணும். மீதி 40 ஒரு பெண்ணின் கையில் இருக்கிறது என்பதுதான் அவரால் தாங்க முடியாதது. குணசேகரனாக நடித்த மாரிமுத்து அதை முகத்தில் காட்டினார். அதட்டுகிற போதே கண்ணில் ஒரு கலக்கம் ஓடும். 2023 செப்டம்பர் 8-ல் அவர் மறைந்து, அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அவர் பெரிய நடிகர், குறை சொல்லவில்லை. ஆனால் அவருடைய குணசேகரனிடம் கோபம் தெரிந்த அளவுக்கு அந்தக் கலக்கம் எனக்குத் தெரியவில்லை. அதோடு அப்பத்தாவின் மௌனத்துக்கும் பாதி பலம் போய்விட்டது. பயப்படுகிற ஆள் எதிரே இருந்தால்தானே மௌனம் வேலை செய்யும்?

அப்பத்தாவாக நடித்த பம்பாய் ஞானத்தையும் சொல்ல வேண்டும். பெண்களை மட்டுமே வைத்து நாடகக் குழு நடத்தியவர். மேடையில் பழகிய அந்த நிதானம் இல்லாவிட்டால் இந்தப் பாத்திரம் வெறும் பாட்டியாகப் போயிருக்கும்.

புதுவயல் பொண்ணு:

ஆச்சி, நோட்டு விஷயம் மனதைத் தொட்டது. உங்கள் அப்பத்தாவின் மௌனத்தால் மருமகள்கள் அழாமல் இருந்தார்கள் என்றால் அது எனக்கு முழுச் சம்மதம். கயல்விழி பற்றிச் சொன்னதும் சரி, அதை நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. ஆனாலும் ஆதிரை விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கோட்டையூர்க்காரி:

ஆதிரைக்கு எனக்குத் தோன்றுகிற பதில் இதுதான். அப்பத்தா தன்னுடைய பிடி குணசேகரன் மேல் மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டார். விசாலாட்சியைக் கணக்கில் எடுக்கவில்லை. பெற்ற தாயே மூத்த மகன் சொல்லுக்குத் தலையாட்டுகிற வீட்டில், 40 என்ன, 100 சதவீதம் இருந்தாலும் அந்தக் கல்யாணத்தை நிறுத்தியிருக்க முடியாது. அம்மாவாக இருந்து மகள் பக்கம் நிற்காமல் அவரை மகன் பக்கமே நிறுத்தியது எது? அதுதான் இந்தத் தொடரில் எனக்கு இன்னும் பிடிபடாத மனசு. விசாலாட்சியை நன்றாகக் கவனித்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். மாமியாரும் கேட்கக் காத்திருக்கிறார்.