புதுப்பிப்பு: புத்தக விளம்பர ஆலோசகரிடம் போகுமுன்
சொந்தச் செலவில் நாவல் போட்டவர் ஆலோசகருக்குப் பணம் கொடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வந்த பதில்களைப் பார்த்தால், கொடுக்கலாம். ஆனால் கணக்கோடு போங்கள். 200 ரூபாய்ப் புத்தகம், அச்சுக்கு 90, கடைக்காரருக்குத் தரும் கழிவு 35 சதவீதம் என்றால் 70, மிச்சம் 40. கூரியரும் அதிலிருந்துதான். இந்தக் கணக்கைக் கேட்காமலே ஃபேஸ்புக் விளம்பரத்தில் ஆரம்பிக்கும் ஆலோசகர் எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பவர். பின்னட்டை வாசகத்தையும் முதல் அத்தியாயத்தையும் முன்னாடியே அனுப்பிவிடுங்கள். படித்தாரா இல்லையா என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். விற்பனைக்கு உத்தரவாதம் என்றால் எழுந்து வந்துவிடலாம். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலையொட்டி வருவதால் பேச்சை அக்டோபருக்குள் முடியுங்கள். டிசம்பரில் அச்சகத்தில் வரிசை நிற்கும், பைண்டிங்கும் இழுக்கும்.