ஊசி போட்ட பிள்ளைக்கும் சின்னம்மை வந்த கதை உண்டா? எழுதுங்க

தக்கலைக்காரி
மண்டைக்காட்டுக் கொடைக்குப் போயிட்டு வந்த மறுநாள். குளிப்பாட்டும்போது எனக்க மவளுக்கு வயித்துல சிவப்பா நாலஞ்சு. கொசுக்கடின்னு விட்டுட்டேன். காய்ச்சல் இல்ல, நீர் கோத்த முத்து ஒண்ணுகூட இல்ல. ஒன்றேகால் வயசுலயே ஊசி போட்ட பிள்ளை, யாருக்குத் தோணும்? மூணு நாள் ஸ்கூலுக்கும் அனுப்பினேன். மூணாம் நாள் அந்திக்கு மாமியார் அவளை வாசல் வெளிச்சத்துல நிறுத்தி, "அசையாத மக்களே"ன்னு சொல்லி, பேனாவால ஒவ்வொண்ணையும் வட்டம் போட்டு எண்ணினாங்க. 17. என்னைத் திரும்பிப் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல. ரெண்டு வாரத்துல அவ வகுப்புல வரிசையா லீவு. வட்டம் அழிஞ்சு போச்சு, அந்தப் பார்வைதான் போகல.

நாலாம் வகுப்பு மிஸ்
கோவிச்சுக்காதீங்க, இப்படி அனுப்புறதுலதான் எங்களுக்குத் தலைவலி. என் வகுப்புல ஒருத்தன் முழங்கையைச் சொறிஞ்சுக்கிட்டே "எனக்கு வராது மிஸ், ஊசி போட்டாச்சு"ன்னு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். அப்ப நான் அஞ்சு மாசம். எனக்குச் சின்னதுல அம்மை வந்ததா அம்மாவுக்கே ஞாபகமில்ல. ரத்தம் குடுத்துட்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் தூங்கல. எதிர்ப்புசக்தி இருந்துது, தப்பிச்சேன். நோட்டை வாங்கின கையை அன்னைக்கு எத்தனை தடவை கழுவினேன்னு எனக்கே தெரியாது.

குளச்சல் கடலோரம்
அப்போ ஊசிக்குக் குடுத்த பைசா கடல்ல போட்டதுதானே? அரசு ஆஸ்பத்திரில பிள்ளையளுக்கு இலவசமா போடுற பட்டியல்லயும் இது கிடையாது. எனக்கு 30 வயசுல வந்துது, ஊசியும் இல்ல ஒண்ணும் இல்ல. வாய்க்குள்ளகூட முத்து, கஞ்சி இறங்கல. கண்ணாடில பாத்தா வேற யாரோ.

மார்த்தாண்டம் பழைய நர்ஸ்
தம்பி, உங்க பதிவை நீங்களே இன்னொருக்கா வாசியுங்க. உங்களுக்கு வாய்க்குள்ள வரை, அந்தப் பிள்ளைக்கு 17. ஊசி செய்த வேலை அதுதான். ஊசி போடாத பிள்ளைக்கு 250, 500ன்னு போடும். போட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் 50-க்குள்ள நிக்கும், அதுவும் தடிப்பா, நீர் கோக்காம. கொசுக்கடின்னு ஏமாறுறது அதனாலதான். பரவுறது குறைவு, ஆனா பரவும். ஒரு ஊசி 100-ல 80, 85 பேரைத்தான் காக்கும். அமெரிக்காவுல 1995-ல ஒரு ஊசியோட ஆரம்பிச்சாங்க. ஊசி போட்ட பிள்ளைகள் நிறைஞ்ச ஸ்கூல்லயும் அம்மை சுத்திச் சுத்தி வந்துது. 2006-ல ரெண்டாவதையும் சேத்தாங்க. ரெண்டும் போட்டா 90-க்கு மேல. எத்தனை பேர் ரெண்டாவதுக்குப் போறிய? இன்னும் கேளுங்க: முத்து எல்லாம் பொருக்கு தட்டுற வரை ஸ்கூல் வேண்டாம். பொருக்கே வராத தடிப்புன்னா, புதுசா ஒண்ணும் கிளம்பாம 24 மணி நேரம் ஆகணும். நகத்தை வெட்டி விடுங்க. வேப்பிலை வைங்க, நுங்கு குடுங்க, யாரு தடுத்தா? ஆஸ்பிரின் மட்டும் குடுத்துராதீங்க, மூளையையும் ஈரலையும் பாதிக்கும். வீட்ல ஊசி போடாத வேற பிள்ளை இருந்தா அஞ்சு நாளுக்குள்ள ஊசி போடக் கூட்டிட்டுப் போங்க. எனக்க பேரனுக்கும் வந்துது, அது பெரிய கதை, விடுங்க.

குளச்சல் கடலோரம்
செரி அக்கா. ஆனா பைசா பைசாதானே.

தக்கலைக்காரி
அக்கா சொன்ன பிறகு பீரோவுல தேடி ஊசி அட்டையை எடுத்தேன். ரெண்டாவதுக்குப் பென்சிலால தேதி போட்டிருக்கு. 2020 ஏப்ரல். ஊரே பூட்டிக் கிடந்த மாசம். பிறகு போகவே இல்ல.