45 சதவீதம் புரதம் இருக்க வேண்டிய புண்ணாக்கில் 38.7: கெல்டால் அனுபவம்

மாட்டுத்தீவன ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் சேர்ந்து மூன்றாவது மாதம். கடலைப் புண்ணாக்கு லோடு வந்தால் மாதிரி எடுத்து, கெல்டால் முறையில் நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடுவது என் வேலை. அரை கிராம் மாதிரியை அடர் கந்தக அமிலம், பொட்டாசியம் சல்பேட், கொஞ்சம் காப்பர் சல்பேட்டோடு டைஜஷனில், அதாவது அமிலத்தில் சூடாக்கிச் சிதைக்க, வைப்பேன். தெளிந்த பச்சை வந்த பிறகும் ஒரு மணி நேரம் சூட்டிலேயே விடுவேன். ஆறியதும் காஸ்டிக் சோடா விட்டு வடித்து, வரும் அம்மோனியாவை 4 சதவீத போரிக் அமிலத்தில் பிடித்து, 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பச்சை போய் இளஞ்சிவப்பு தட்டும் வரை டைட்ரேஷன்: பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவானது என்று பார்ப்பேன்.

அன்று பியூரெட்டில் 22.3 மில்லிதான் இறங்கியது. மாதிரி சேர்க்காமல் செய்யும் பிளாங்க் 0.2. (22.3 − 0.2) × 0.1 × 1.4007 ÷ 0.5 என்று போட்டால் நைட்ரஜன் 6.19 சதவீதம், அதைப் புரதமாக மாற்ற 6.25ஆல் பெருக்கினால் 38.7. வழக்கமாக 45 பக்கம் நிற்கும் சரக்கு அது. அடுத்த இரண்டு லோடும் அப்படியே. கொள்முதல் பிரிவில் விலையைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். மூன்றும் மூன்று வியாபாரிகளுடையவை. மூவரும் ஒரே வாரத்தில் ஒரே அளவுக்குக் கலப்படம் செய்வார்களா? ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கினேன்.

முதலில் அமிலத்தைச் சந்தேகப்பட்டேன். அதன் செறிவைச் சோடியம் கார்பனேட்டை வைத்துச் சரிபார்த்தேன், 0.1 நார்மல் சரியாகவே இருந்தது. அப்புறம் 0.15 கிராம் அமோனியம் சல்பேட்டை டைஜஷன் இல்லாமல் நேராக வடித்தேன். 22.7 மில்லி வர வேண்டும், வந்தது 19.5. அம்மோனியா வடிக்கும்போதே எங்கோ போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்து ஒவ்வொரு இணைப்பிலும் காட்டிக்கொண்டே போனேன். குடுவையின் ரப்பர் அடைப்பானுக்கு அருகில் தாள் நீலமானது. கழற்றிப் பார்த்தால் முடி போல ஒரு விரிசல்.

அடைப்பானை மாற்றியதும் அமோனியம் சல்பேட்டுக்கு 22.6 வந்தது. முதல் புண்ணாக்குக்கு 25.8. கணக்கில் புரதம் 44.8. மூன்று வியாபாரிகளுக்கும் முழு விலை போனது. ஒரு ரப்பர் துண்டுக்காக அவர்கள் பணத்தில் கை வைக்க இருந்தோமே என்பது இன்றும் உறுத்துகிறது.

என்னை ஏமாற்றியது பிளாங்க்தான். தினமும் 0.2 என்று ஒழுங்காக வந்ததால் கருவியை நம்பிவிட்டேன். பிளாங்கில் அம்மோனியாவே இல்லாதபோது கசிவு எப்படித் தெரியும்! இப்போது காலையில் முதல் வடிப்பு அமோனியம் சல்பேட்தான். டைஜஷனையும் சேர்த்துச் சோதிக்க வாரம் ஒரு முறை லைசின் ஹைட்ரோகுளோரைடு வைக்கிறேன், அதில் நைட்ரஜன் 15.3 சதவீதம்.

மற்றொரு உறுப்பினர்:
எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். புண்ணாக்கில் புரதம் 52 வந்தது. கருவி, அமிலம் எல்லாம் சரி. பாரா டைமெத்தில் அமினோ பென்சால்டிஹைடு விட்டதும் சாறு பளிச்சென்று மஞ்சளானது: யூரியா. யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். நூறு கிலோவில் மூன்று கிலோ கலந்தாலே 45 என்பது 52 ஆகிவிடும். 2008இல் சீனாவில் பாலில் மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்து புரதத்தைக் கூட்டிக் காட்டியதும் இதே வழியில்தான், அதில் நைட்ரஜன் 66 சதவீதத்துக்கும் மேல். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் இந்த முறையைக் கொண்டுவந்தது பீர் தயாரிக்கும் தானியத்தின் புரதத்தை அளக்க. நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று இந்த டைட்ரேஷன் சொல்லாது. சந்தேகம் வந்தால் யூரியா சோதனையையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

முதலில் எழுதியவர்:
நன்றி அண்ணா. எங்கள் ஆய்வகத்தில் அந்த மஞ்சள் நிறச் சோதனை இல்லை. நாளைக்கே ரசாயனத்துக்கு எழுதிப் போடுகிறேன்.