வண்டி வராத ஞாயிறு: உங்கள் தெருவில் எப்படி இருந்தது?

எங்கள் தெருவில் போன மாதம் முதல்முறையாக காலை 6 மணி முதல் 10 மணி வரை வண்டிகளை விடவில்லை. அனுமதி வாங்குவதுதான் பெரிய பாடு என்று பயந்தோம். அது ஒரு கடிதத்தோடு முடிந்துவிட்டது. தலைவலி முந்தைய ராத்திரிதான். ஓரமாக நிற்கும் கார்களை எடுக்கச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கினோம். எல்லாம் நகர்ந்தன, ஒன்றைத் தவிர. அதன் சொந்தக்காரர் ஊரில் இல்லை. சரி, நிற்கட்டும் என்று விட்டோம். விடிந்ததும் பிள்ளைகள் அந்தக் காரைச் சுற்றி சாக்பீஸால் கடல் வரைந்து, நாலு சுறாவையும் போட்டுவிட்டார்கள்.

எதிர்வீட்டுக்காரரோடு இத்தனை வருஷமாக எனக்கு இருந்த பேச்சு, "சார், கேட்டை மறைக்காதீங்க" மட்டும்தான். அன்று அவர் நடுரோட்டில் நாற்காலி போட்டு செஸ் பலகையை விரித்து உட்கார்ந்திருந்தார். மூன்று ஆட்டம், மூன்றிலும் தோற்றேன். கேட் சண்டை இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போது ஆட்டத்துக்கு நடுவில் நடக்கிறது.

டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற ஆய்வாளர் சான்பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டு 1972-இல் எழுதியது அப்போதுதான் உறைத்தது. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அங்கேயே சராசரியாக 3 நண்பர்கள். வண்டி நிறைந்த தெருவில் 0.9. ஒரு முழு ஆள்கூட இல்லை!

* * *

எங்கள் அனுபவம் இவ்வளவு இனிப்பாக இல்லை. மேடை, மைக், ஸ்பீக்கர் என்று இறங்கிவிட்டோம். ஜனம் வந்தது, வேடிக்கை பார்த்தது, கலைந்தது. பக்கத்தில் நின்றவரிடம் பேச வேண்டுமென்றால் காதில் கத்த வேண்டும். இரவு வேலை முடிந்து படுத்த ஒருவர் இறங்கி வந்து திட்டினார். நியாயமான திட்டுதான்.

கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974-இல் தொடங்கிய சிக்லோவியா இன்றும் நடக்கிறது. ஞாயிறும் விடுமுறை நாளும் காலை 7 முதல் பிற்பகல் 2 வரை 120 கிலோமீட்டருக்கு மேல் சாலை வண்டியில்லாமல் கிடக்கும். பெரும்பாலோர் வருவது நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும்தான். அடுத்த தடவை நாங்களும் மைக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு, இரண்டு ஸ்கிப்பிங் கயிறும் ஒரு பெட்டி சாக்பீஸும் மட்டும் எடுத்துப் போனோம். பெரியவர்கள்தான் கயிற்றுக்குச் சண்டை போட்டார்கள்.

* * *

தெரு முனையில் தடுப்புக்குக் காவல் நின்றவன் நான். நடத்தப்போகிறவர்களுக்கு ஒன்று: ஆம்புலன்ஸ் போகும் அகலத்துக்கு நடுவில் எதையும் நிறுத்தாதீர்கள், நாற்காலிகூட சட்டென்று தூக்கக்கூடியதாக இருக்கட்டும். மருத்துவமனைக்குக் கிளம்பிய ஒரு காரை, முன்னால் நான் நடந்தபடி, ஆள் நடக்கும் வேகத்தில் வெளியே கொண்டுபோய் விட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.

அப்புறம், சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். எங்கள் நடைபாதை மேடும் பள்ளமுமாக இருப்பதால் அவர் தன் வாசலோடு சரி. அன்று தார்ச்சாலையின் நடுக்கோட்டிலேயே தள்ளிக்கொண்டு என் தடுப்புவரை வந்தார். கொஞ்ச நேரம் நின்று பிரதான சாலையில் போகும் பஸ்களைப் பார்த்தார். "இவ்வளவு கிட்டத்திலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்.