தந்த அலகு மரங்கொத்தி: அற்றுப்போனது என்று எழுதிவிடலாமா?

கழனிக்குருவி:
2021-ல் 23 இனங்களை அற்றுப்போனவையாக அறிவிக்கப்போவதாக அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை சொன்னது. 2023 அக்டோபரில் 21-ஐ அறிவித்தார்கள். ஒரு ஹவாய்ச் செடியை விட்டுவிட்டார்கள், இந்த மரங்கொத்தியை இன்னும் பார்ப்போம் என்று நிறுத்திவைத்தார்கள். அதுதான் சரி. 2004-ல் ஆர்கன்சாவின் கேஷ் ஆற்றுச் சதுப்புக்காட்டில் படகில் போனவர் பார்த்ததாகச் சொன்னார். அதே வருஷம் ஏப்ரலில் வீடியோவும் கிடைத்ததே!

பனங்காடை:
அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். சில நொடிகள்தான். மரத்துக்குப் பின்னாலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ மங்கலாகப் பறந்து மறைகிறது. இறக்கையின் பின்விளிம்பு வெள்ளையாக இருந்தால் தந்த அலகு. அடிப்புறத்தில் முன்பாதி வெள்ளை, பின்விளிம்பு கறுப்பு என்றால் அங்கே சாதாரணமாகத் திரியும் பைலியேட்டட் மரங்கொத்தி. அந்த மங்கலில் இதை எப்படிப் பிரிப்பீர்கள்? பறவை வழிகாட்டி நூல்கள் எழுதும் டேவிட் சிப்லி முதலானோர் 2006-ல் சயன்ஸ் இதழில் மறுப்பே எழுதினார்கள்.

கழனிக்குருவி:
நம்ம கடப்பா பக்கம் ஜெர்டான் கோர்சர் என்ற பறவை 1900-க்குப் பிறகு 1986-ல்தானே கிடைத்தது? அதையும் போய்விட்டது என்றுதான் நினைத்தார்கள்.

பனங்காடை:
அது முட்புதரில் இரவில் நடமாடும் பறவைங்க. இது அரை மீட்டர் நீளம், பகலில் 'டக்-டக்' என்று இரட்டைத் தட்டு தட்டும். 2004-க்குப் பிறகு வருஷக்கணக்கில் காமிராவும் ஒலிப்பதிவுக் கருவியும் வைத்துத் தேடியும், எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஒரு படம் இல்லை.

நீர்மருது:
ரெண்டு பேரும் காட்டை விட்டுவிட்டீர்கள். புதிதாகப் பட்டுப்போன பெரிய மரத்தில் பட்டையை உரித்துப் புழு தின்கிற பறவை இது. பறவை ஆய்வாளர் ஜேம்ஸ் டானர் 1930-களின் கடைசியில் லூசியானாவின் சிங்கர் காட்டில் தங்கி இதைத்தான் எழுதிவைத்தார். அந்தக் காட்டையும் மரக்கம்பெனி விடவில்லை. போர்க்கைதிகளை வைத்து வெட்டினார்கள். 1944 ஏப்ரலில் ஓவியர் டான் எக்கல்பெரி போனபோது இருந்தது ஒரே ஒரு பெண் பறவை. சுற்றிலும் வெட்டிப்போட்ட காடு. பொழுது சாய்ந்ததும் தன் பொந்துக்கு வரும், அவர் உட்கார்ந்து வரைவார். அமெரிக்காவில் யாரும் மறுக்காத கடைசிப் பார்வை அது. படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பனங்காடை:
எனக்கும்தான். அதனால்தான் சொல்கிறேன், அங்கே ஆபத்தில் இருக்கும் ரெட்-காக்கேடட் மரங்கொத்தி இன்னும் உயிரோடு இருக்கிறது. பணம் முதலில் அதற்குப் போகட்டும்.

கழனிக்குருவி:
போகட்டும், மறுக்கவில்லை. ஆனால் 2023-ல் லூசியானாவில் ட்ரோன் பதிவுகளோடு ஆய்வுக்கட்டுரை வந்திருக்கிறது. அந்தக் காட்டில் கட்டியிருக்கும் காமிராக்களை மட்டும் கழற்ற வேண்டாம்.